ஸ்வெட்டருக்கு வந்த பூச்சிகள்

ஜன்னல் கண்ணாடியை விருமாயி இழுத்துச் சாத்திவிட்டாள். சாத்தி என்ன புண்ணியம், ஒன்று ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. சாம்பல் நிறம், கட்டைவிரல் நகத்தைவிட ஒரு சுற்றுப் பெரிசு, மடியில் வைத்திருந்த கட்டைப்பையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு றெக்கையைப் படபடவென்று அடித்தபடி இங்கேயும் அங்கேயும் ஓடுகிறது. பைக்குள் புருசன் சடையாண்டியின் பச்சை ஸ்வெட்டர் இருக்கிறது. அதன்மேல் ஒரு பழைய துண்டு, அதற்குமேல் இன்னொரு துண்டு, பைவாயைச் சணலால் கட்டியும் இருக்கிறாள், இருந்தும் கண்டுபிடித்துவிட்டது. எப்படித்தான் தெரியுமோ இதுகளுக்கு என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே, எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியாதாக்கும், ஊரில் எவளுக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும்டி என்று தன்னையே வைதுகொண்டாள். தண்ணிப்பாறையிலிருந்து டவுனுக்கு இறங்குகிற காலை பஸ் இது. எட்டேகாலுக்கு எடுத்தால் பத்து மணிக்குக் கொண்டுபோய் விடும். பத்து மணிக்குக் காட்டிலாகா ஆபீசில் நிலோஃபர் மேடம் இருப்பார். அந்த மேசைமேல் இந்தப் பையை வைக்க வேண்டும், வைத்துவிட்டுப் போன வருசத்திலிருந்து வாய்க்குள் பூட்டி வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வார்கள், எரித்துவிடுவார்கள், அதோடு அந்த மனுசனிடம் இருந்து வருகிறது என்று எதுவும் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் கருங்கானல் சோலை போகும். பஸ் கிளம்பி இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. இறங்கிவிட இன்னும் நாலு ஸ்டாப் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

பூச்சி எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்கு முன்னால் எட்டு வருசம் சடையாண்டி பார்த்த வேலை. எந்தத் தேசத்துக் கப்பலில், எந்த மரப்பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்ததோ, இந்த மலைக்கு அது வந்து ஒன்பது வருசம் ஆகிறது. பூச்சி ஒன்றும் தின்னாது, அதற்கு ஆயுசே பத்து நாள்தான், தின்னுகிற வாயே அதற்குக் கிடையாது. தின்பதெல்லாம் அதன் புழு. பங்குனியில் பொரிக்கும், வைகாசி முடிவதற்குள் ஒரு சோலையை மொட்டையடித்துவிடும், இரண்டு மூன்று வருசம் தொடர்ந்து மொட்டையானால் அந்த மரம் அப்புறம் மரமில்லை, விறகு. அதனால் காட்டுக்குள் மரத்துக்கு மரம் ஆரஞ்சுக் கலர் அட்டைப் பொறி தொங்கவிடுவார்கள். உள்ளே பிசின் தடவியிருக்கும், நடுவில் பெட்டைப் பூச்சியின் வாசனை ஏற்றின ரப்பர் துண்டு ஒன்று, சுண்டுவிரல் நுனி அளவுக்கு. லூர் என்பார்கள் ஆபீசில். மனுச மூக்கை வைத்து எவ்வளவு மோந்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. ஆண் பூச்சிக்கு மட்டும் அரை மைல் தள்ளியே தெரிந்துவிடும், பெட்டை அங்கே காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பட்டப்பகலில் பறந்து வந்து பிசினில் ஒட்டிக்கொள்ளும். "பொண்ணே இல்லாத வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றானுக பாரு, வெக்கங்கெட்ட பயலுக" என்பார் சடையாண்டி. லூரைக் கிளவுஸ் போட்டுத்தான் தொட வேண்டும் என்று ஆபீசில் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். அந்த மனுசன் கேட்டால்தானே. கிளவுஸ் போட்டால் விரல் மரத்துப்போகிறது என்று எல்லாவற்றையும் பூண்டு நடுகிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, லூர்களை மழையில் நனையாமல் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, கையை ஸ்வெட்டரிலேயே துடைத்துக்கொண்டு எட்டு வருசம் ஓட்டினார். அந்த வாசனை துணியில் ஏறினால் ஏறினதுதான், துவைத்தாலும் போகாது, வருசக்கணக்கில் இருக்கும். காட்டிலிருந்து அவர் இறங்கி வரும்போது தலையைச் சுற்றி நாலு பூச்சி கூடவே வரும். "ஏ விருமா, உனக்குச் சக்களத்தி வாசனை அடிக்குதா, அடிச்சாச் சொல்லு, குளிச்சுட்டு வர்றேன்" என்று வாசலில் நின்று கேட்பார். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். உள்ளுக்குள் சிரிப்புத்தான். சிரித்திருக்கலாம், வாய்விட்டே சிரித்திருக்கலாம், அதில் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பஸ் குலுங்கியது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதே பஸ், இதே சீட்டுக்கு இரண்டு சீட்டு முன்னால்தான் அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்தார். வைகாசி மாசம். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயுத்தான், வேறென்ன, ராத்திரி மொச்சைக் குழம்பு சாப்பிட்டது என்று அவள் சொன்னாள். அவள்தான் சொன்னாள், அவரில்லை. கடையில் கோலி சோடா உடைத்துக் கொடுத்தாள், ஒரு ஏப்பம் வந்தது, பார்த்தியா வாயுத்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். வெயில் இருந்தது, ஸ்வெட்டரைக் கழற்றி இறவாரத்து ஆணியில் மாட்டிவிட்டு, சாயந்தரம் வந்துருவேன் எடுத்து வைக்காதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். எடுத்து வைக்காதே என்று ஏன் சொன்னார்? எப்போதும் அப்படிச் சொல்கிறவர் இல்லை. மூங்கில்கானல் ஸ்டாப்பில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் தலை சாய்ந்திருந்தது, தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். அவளும் கூட ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, மொச்சைக்காய் உரிக்கக் கிடந்தது. மறுபடியும் மொச்சை. பதினாலு மாசமாக அந்த வீட்டில் மொச்சை வாங்கியதில்லை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால் அவருடைய அண்ணன் மகன் வந்து வைத்துவிட்டுப் போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஆணியில் ஸ்வெட்டர் மட்டும் அப்படியே தொங்கியது. எடுத்து வைக்காதே என்றாரே, அவள் எடுத்து வைக்கவில்லை. குளிருகிற காலையில் போட்டுக்கொள்வாள், கழற்றினால் அதே ஆணியில் மாட்டுவாள்.

இரண்டாவது ஸ்டாப்பில் அழகுமணி ஏறினாள். அடுத்த வீட்டுக்காரி, பூண்டு போடுகிறவள், அக்கா வீட்டில் தங்கிவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போகிறாளாம். வந்து இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன மதினி, மடியில பச்சப்புள்ளையக் கெணக்கா புடிச்சிருக்க?" என்று கேட்டாள். "ஆபீஸ் சாமான்" என்றாள் விருமாயி. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பூச்சி அதற்குள் சணல் கயிற்றுக்கு அடியில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். முந்தானைக்கு அடியில் அது துடிக்கிறது, தொடையில் உணர முடிகிறது. அழகுமணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது, தண்ணிப்பாறைச் சோலை இருந்த இடம் இருக்கிறது. நாவல் மரமெல்லாம் கிளையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனியில் இரண்டாவது தளிர் விட்டிருக்கிறது, சோகை பிடித்த தளிர். இருட்டாகக் கிடந்த காட்டுக்குள் வெயில் நேராகப் போய்த் தரையில் விழுகிறது, அந்தத் தரையை இத்தனை வருசத்தில் யாரும் பார்த்ததில்லை, அம்மணமாகப் பார்த்துவிட்ட மாதிரி விருமாயிக்குக் கூசியது. வைகாசியில் இந்த இடத்தைத் தாண்டும்போது மழை பெய்கிற சத்தம் கேட்கும். மழை இல்லை, புழு எச்சம் விழுகிற சத்தம், இலை இலையாகத் தின்றுகொண்டே போட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. "ஓடையில கால் நனைய மாட்டேங்குது மதினி" என்றாள் அழகுமணி. "ஒரு குழிப் பூண்டு அப்பிடியே கருகிப்போச்சு. இனி கருங்கானல் தண்ணிய நம்பித்தான் பொழப்பு. எவன் இந்தப் புழுவ நம்ம ஊருக்குக் கொண்டாந்தானோ, அவன் குடும்பம் வெளங்குமா? புள்ள குட்டி இல்லாமத்தான் போவான்." பழக்கத்தில் வந்த பேச்சு, குத்திப் பேச வேண்டும் என்று பேசினதில்லை, அழகுமணிக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டு, "நான் பொதுவாச் சொன்னேன் மதினி" என்று முழங்காலைத் தொட்டாள். விருமாயி தலையை ஆட்டினாள். நீ சொன்னது சரிதாண்டி, ஆள்தான் கிடைச்சுட்டா, உன் பக்கத்துலயே உக்காந்துருக்கா என்று சொல்ல நாக்கு வரை வந்தது. டிக்கெட்டைத் தேடுகிற மாதிரி சுருக்குப்பையைத் துழாவினாள்.

ஆடி ஏழு. போன வருசம் ஆடி ஏழு, சாயந்தரம் நாலு மணி இருக்கும். விறகு பிளந்து போட்டுவிட்டு நிமிர்ந்தாள், ஸ்வெட்டரின் பைப்பக்கத்தில் மூன்று சாம்பல் பூச்சி. ஒன்று தோள்பட்டையில் ஏறிக் கழுத்துப்பட்டிக்குப் போனது, சுற்றி வந்து மறுபடியும் பைக்குப் போனது. அப்படியே கோடாலியோடு நின்றாள். முதல் நினைப்பு சரியான நினைப்புத்தான், அதை யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை: பூச்சி தண்ணிப்பாறைக்கு வந்துவிட்டது. பூச்சி வந்த இடத்துக்கெல்லாம் ஆபீஸ் வரைபடத்தில் குண்டூசி குத்துவார்கள், அப்போது கடைசிக் குண்டூசி மூங்கில்கானலில், ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. தண்ணிப்பாறைக்கு வர இன்னும் மூன்று வருசம் ஆகும், அங்கே இப்போதைக்குப் பொறி வேண்டாம் என்று ஆபீசில் முடிவு செய்திருந்தார்கள். சடையாண்டி உயிரோடு இருந்திருந்தால் அந்த மூன்றையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு அந்த நிமிசமே பஸ்சுக்கு ஓடியிருப்பார். சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருப்பார். அவள் ஓடவில்லை. இரண்டாவது நினைப்பு வந்துவிட்டது. செத்தவர்கள் பூச்சியாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்று யார் வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்கள், காரியம் முடிந்த வீட்டில் ஒரு வண்ணத்துப்பூச்சி நுழைந்தால் விளக்குமாற்றை யாராவது தூக்குவார்களா? அவருடைய சட்டைக்கு வந்திருக்கிறது. கழுத்துப்பட்டியில், எந்த இடத்தில் சொறிந்துகொண்டே இருப்பாரோ அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. லூர் வாசனைக்கு வந்தது என்று அறிவு சொல்லத்தான் செய்தது. இந்த விருமாயி ஒன்றும் அறிவில்லாதவள் இல்லை. ஆனால் இருபத்தாறு வருசம் ஒரே தட்டைக் கழுவிக் கவிழ்த்து எடுக்கிற மாதிரி ஒரே மனுசனோடு வாழ்ந்த ஒருத்தி, ஐம்பது நாளாக அந்த வீட்டில் ஒரு சத்தமும் கேட்காதவள், அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் சொல்லுங்கள். "வந்துட்டீகளா" என்று கேட்டாள். கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்ச் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, ஆணிக்கு நேர் கீழே வைத்தாள். வாயில்லாத பூச்சிக்குச் சோறு வைத்த கதை இதுதான்.

மறுநாள் ஒன்பது வந்தது, அதற்கு மறுநாள் பதினாலு. ஒன்பது பேரில் எது அவர் என்று கேட்டால் என்ன சொல்வாள்? எல்லாமேதான் என்று அப்போது சொல்லியிருப்பாள், அப்படி ஒரு மயக்கம். வேலையெல்லாம் நாலு மணிக்குள் முடித்துவிட்டு முகம் கழுவி உட்கார்ந்துவிடுவாள். பூண்டு விலை சொன்னாள், அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று சொன்னாள், கூரையில் ஓடு நகர்ந்திருக்கிறது என்று சொன்னாள். உயிரோடு இருந்தபோதுகூட அந்த மனுசன் இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆடி முடிந்தது, பூச்சி நின்றுபோனது, அவளுக்கு இரண்டாந் தடவையாக எழவு விழுந்த மாதிரி இருந்தது. புரட்டாசியில் ஆபீசிலிருந்து கூப்பிட்டுச் சடையாண்டி வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். மேடம் மூன்று நாள் பயிற்சி வைத்தார். ஆண் பூச்சி வந்தால் எச்சரிக்கை என்றார். பெட்டை பறக்காது, வண்டியிலோ மூட்டையிலோ ஒட்டிக்கொண்டு வந்து இடும், ஒரு கூட்டில் ஐந்நூறு முட்டை, பார்த்தால் காவி நிறக் கம்பளித் துண்டை மரத்தில் ஒட்டினாற்போல இருக்கும், பங்குனிக்குள் சுரண்டி சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்றார். படம் காட்டினார். விருமாயிக்கு அந்தப் படம் புதுசில்லை. அதே கம்பளித் துண்டு அவள் வீட்டு இறவாரத்துக் கட்டையில், ஸ்வெட்டர் ஆணிக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். விரலால் தொட்டால் மெத்தென்று பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது. இருபத்தாறு வருசமாகப் போகாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை, இப்போது அவருடைய ஸ்வெட்டருக்கு மேலே ஐந்நூறு. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் பைத்தியம் என்பார்கள், அவளே பைத்தியம் என்றுதான் சொல்லுகிறாள், ஆனால் அந்தக் கத்தி அந்தக் கட்டையில் படவில்லை. நாளைக்குச் சுரண்டலாம் என்றாள். ஐப்பசி, கார்த்திகை, தை என்று நாளை போய்க்கொண்டே இருந்தது. பங்குனியில் ஒருநாள் பொரித்துவிட்டது. மயிரிழை மாதிரி கறுப்பு கறுப்பாக நூல் விட்டுக்கொண்டு காற்றில் சோலைப் பக்கமாகப் போயின, அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து வழியனுப்புகிற தாய் மாதிரி நின்றாள், அந்த நிலையை நினைத்தால் இப்போது தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

"மூங்கில்கானல் எறங்குறவுக எந்திரிச்சு வாங்க" என்றார் கண்டக்டர். மூன்றாவது ஸ்டாப். இங்கேதான் அவரை இறக்கினார்கள். இறங்கிவிடலாம், எதிர்ப்பக்கம் பஸ் பதினைந்து நிமிசத்தில் வரும், பத்து மணிக்குள் ஆணியில் பழையபடி மாட்டிவிடலாம், நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். இந்த வருசம் சாதாரணமாகவா வருகிறது, முந்தாநாள் எண்ணினாள், இருநூற்றுப் பன்னிரண்டு. ஸ்வெட்டரில் பச்சையே தெரியவில்லை, முழுக்கச் சாம்பல், மூச்சு விடுகிற மாதிரி அசைந்தது. ஒரு நிமிசம் அவரே நிற்கிற மாதிரி இருந்தது, மார்பு எழுந்து இறங்குகிற மாதிரி, அவள் இரண்டு அடி பின்னால் வந்துவிட்டாள். பயம் வந்தது அப்போதுதான், இந்தப் பதினாலு மாசத்தில் முதல் தடவையாக. அதற்கு முந்தின திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேடம் வரைபடத்துக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணு புரியல. தண்ணிப்பாறைல புழு அவ்வளவு தின்னுருக்கு. ஆனா அங்க வச்ச பொறில வாரத்துக்கு ரெண்டு மூணு ஆண்தான் விழுது. புழுவுக்கு நோய் வந்து செத்திருக்கணும். அப்படின்னா கருங்கானலுக்கு ஆபத்தில்ல, முட்டை சுரண்டுற ஆளுங்கள இந்தத் தடவ கீழ்மலைக்கு அனுப்பிடலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். விருமாயியும் ஆட்டினாள். பொறியில் ஏன் விழவில்லை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பொறியில் இருப்பது ஒரு ரப்பர் துண்டு, அவள் வீட்டு ஆணியில் தொங்குவது எட்டு வருச வாசனை, ஊரில் இருக்கிற ஆண் பூச்சியெல்லாம் அங்கே வந்துவிட்டால் பொறிக்கு எது போகும். நாளைக்குச் சனிக்கிழமை, ஆட்களைக் கீழ்மலைக்கு அனுப்புகிற கையெழுத்து நாளைக்கு. கருங்கானல்தான் கடைசி. அதற்கு அந்தப் பக்கம் சோலையே இல்லை, வெறும் பாறை, இந்தப் பக்கத்து ஆறு ஊருக்கும் தண்ணீர் அதிலிருந்து. இருபது வருசம் முன்னால் அந்தச் சோலைக்குள் சடையாண்டி அவளைக் கூட்டிப்போய், அங்கே கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லு என்று சொல்லி, பாசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்க வைத்தார். அவர் கேட்டால் என்ன சொல்வார்? என்னை வீட்டுல வச்சுக்கிறதுக்காக நான் எட்டு வருசம் பாத்த காட்ட வித்துட்டியா விருமா என்று கேட்பாரா? கேட்க மாட்டார், கோபம் வந்தால் பேசாமல் இருக்கிற ஆள், ஒரு வாரம்கூடப் பேசாமல் இருப்பார். கதவு மூடியது, பஸ் நகர்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தைரியம் வந்து உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்க வேண்டாம், கால் எழவில்லை.

ஆபீஸ் வாசலில் மூன்று பூச்சி பின்னாலேயே வந்தன. வலைக்கதவைத் திறந்து உள்ளே போய்ச் சட்டென்று சாத்தினாள், அவை வலையில் மோதின. நிலோஃபர் மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார், முப்பது வயசு இருக்கும், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார். "உக்காருங்க விருமாயிம்மா, இன்னிக்கு உங்க நாள் இல்லையே?" என்றார். விருமாயி உட்காரவில்லை. பையை மேசைமேல் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், முதலில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று. எல்லாம் மறந்துபோய், "எங்க வீட்டு ஆளோட ஸ்வெட்டர் மேடம். லூரு பட்டது. ஆணியிலதான் தொங்குச்சு. பூச்சியெல்லாம் இதுக்குத்தான் வருது, பொறிக்கு வரல" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வலைக்கதவைப் பார்த்தார். அதில் இப்போது ஆறேழு ஒட்டியிருந்தன. "எத்தன வரும்?" என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு என்றாள். மேடம் போனை எடுத்து யாரிடமோ, கீழ்மலை வேண்டாம், எல்லாரையும் கருங்கானலுக்கு மாத்துங்க, ஆமா, எல்லாரையும், என்று சொன்னார். வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"மொதல் தடவ எப்ப பாத்தீங்க?"

"போன வருசம் ஆடி ஏழு. சாயந்தரம் நாலு மணி. மூணு."

பேனா நின்றது. "போன வருசமா? போன வருசமே சொல்லியிருந்தா முட்டைய சுரண்டியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?"

"சொன்னா கொன்னுருப்பீங்க மேடம்" என்றாள் விருமாயி. மேடத்துக்குப் புரிய இரண்டு நிமிசம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். ஒரு கூட்டு முட்டையால ஒரு சோலை போயிராதும்மா, ஊருக்குள்ள இன்னும் எத்தனையோ இருந்திருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னார். நல்ல மனசு. அது ஆறுதலாகக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. பிறகு கிளவுஸ் மாட்டிக்கொண்டு சணலை அவிழ்த்தார், இரண்டு துண்டையும் எடுத்தார், ஸ்வெட்டரை வெளியே எடுத்து ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப் போனார். "மேடம், ஒரே ஒரு தடவை" என்றாள் விருமாயி. மேடம் யோசிக்கவில்லை, அவள் கையில் கொடுத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

முகத்தை அதில் புதைத்தாள். இத்தனை நாளும் அப்படிப் புதைத்ததில்லை, மோந்தால் தீர்ந்துவிடுமோ என்ற பயம், இருக்கட்டும் இருக்கட்டும் என்று சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஆழமாக இழுத்தாள். அடுப்புப் புகை. தேங்காய் எண்ணெய். பூண்டு உரித்த கை. திரும்பவும் இழுத்தாள். கழுத்துப்பட்டியின் உள்பக்கம், அக்குள், பை, தையல், எல்லா இடத்திலும் தேடினாள், ஒன்றைத் தொலைத்துவிட்டவள் தேடுகிற மாதிரி அவசர அவசரமாகத் தேடினாள். பீடி வாசனை இல்லை, காட்டு மண் இல்லை, வேர்வை இல்லை. எல்லா இடத்திலும் அவள்தான் இருந்தாள். குளிருக்குக் குளிர் போட்டுக்கொண்டு, அணைத்துக்கொண்டு, அடுப்படியிலும் பூண்டுக்காட்டிலும் அலைந்து அவரை நூல் நூலாக அவளே வெளியே துரத்தியிருக்கிறாள். எப்போது போனாரோ, கார்த்திகையிலா, தையிலா, போகிறபோது ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போயிருக்கிறார். பூச்சிக்குத் தெரிந்த வாசனை அவருடையதில்லை, அவளுக்குத் தெரிகிற வாசனையும் அவருடையதில்லை. வலைக்கதவில் ஒட்டியிருந்தவை இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அவள் ஸ்வெட்டரை நாலாக மடித்து, கையை உள்ளே விட்டுச் சுருக்கம் நீவி, மேடம் பிடித்திருந்த உறைக்குள் தானே வைத்தாள். மேடம் உறையின் வாயை ஒட்டினார், மேலே ஒட்டுகிற சீட்டை எடுத்துத் தேதி போட்டார், ஊர் எழுதினார், பொருள் ஸ்வெட்டர் என்று எழுதினார். யாருடையது என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அவர் முழுப்பேரு என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

விருமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பேரப் போட்டுக்கங்க மேடம்" என்றாள். "அது என்னோடதுதான்."

மேடம் எழுதிக்கொண்டார்.